ஹான்ஃபோர்டு தொட்டிக் கழிவு: கண்ணாடி உடையுமா, உடையாதா?

யானைமலை:
நேற்று இங்கே ஒருவர் எழுதியிருக்கிறார்: "கண்ணாடியோடு சேர்த்து உருக்கிக் கண்ணாடியாகவே மாற்றினால் அணுக்கழிவுப் பிரச்சினை முடிந்தது, அமெரிக்காவே செய்துவிட்டது." படித்ததிலிருந்து சோறு இறங்கவில்லை. வாஷிங்டன் மாநிலத்து ஹான்ஃபோர்டில் 177 நிலத்தடித் தொட்டிகள், உள்ளே ஏறக்குறைய 5.6 கோடி கேலன் கழிவு. நாகசாகிக் குண்டுக்குப் புளுட்டோனியம் எடுத்த காலத்திலிருந்து சேர்ந்தது. கண்ணாடி ஆலை கட்டத் தொடங்கியது 2002இல். கழிவைக் கண்ணாடியாக்கத் தொடங்கியது 2025 அக்டோபரில், அதுவும் கதிரியக்க வீரியம் குறைந்த பகுதியை மட்டும். எது முடிந்தது?

திருநகர் வாசி:
அந்த ஒருவர் நான்தான், பெயர் சொல்லியே திட்டலாம் அண்ணே. பிரான்சில் 1978 முதல் மார்கூல் அணு நிலையத்தில் செய்திருக்கிறார்கள். நம் தாராப்பூரில் இல்லையா? டிராம்பேயில் இல்லையா? தாமதம் ஹான்ஃபோர்டின் குற்றம், கண்ணாடியின் குற்றம் இல்லை.

உசிலைக்காரன்:
கண்ணாடி என்றால் உடையும். முன்பு புதுமண்டபத்தில் வாங்கிய வளையல் பெரியார் பஸ் ஸ்டாண்டு வருவதற்குள் உடைந்துவிடும். உடைந்தால் என்ன செய்வீர்கள்?

யானைமலை:
ஒன்றும் செய்ய வேண்டாம். ஹான்ஃபோர்டில் 1,150 டிகிரியில் உருக்கி எஃகு உருளையில் ஊற்றுகிறார்கள். ஆறும்போதே விரிசல் விழும். கழிவிலுள்ள கதிரியக்கச் சீசியத்தைக் கண்ணாடிமேல் பூசவில்லை தம்பி, உள்ளே பிணைத்திருக்கிறார்கள். துண்டானாலும் துண்டு கண்ணாடிதான். தண்ணீர் படுகிற பரப்பு கூடும், அவ்வளவுதான்.

தலைவலி தொட்டிக்குள் இருக்கிறது. போர்க்கால அவசரத்தில் சாதாரணக் கார்பன் எஃகில் கட்டினார்கள். கழிவிலுள்ள அமிலம் எஃகை அரித்துவிடும் என்று காஸ்டிக் சோடாவைக் கொட்டினார்கள். விளைவு, சேறு, கெட்டிப்பட்ட உப்பு, காரத் தண்ணீர் என்று ஒவ்வொரு தொட்டியிலும் ஒரு விதம். 149 தொட்டிகளுக்கு ஒற்றைச் சுவர்தான். பல ஒழுகிவிட்டன. பக்கத்திலேயே கொலம்பியா ஆறு ஓடுகிறது. இதை விட்டுவிட்டு வளையலாம்!

உசிலைக்காரன்:
ஆக, விரிசல் விழும் என்று ஒத்துக்கொண்டார். எல்லோரும் ஸ்கிரீன்ஷாட் எடுத்து வையுங்கள்.

திருநகர் வாசி:
நான் சொன்னதையே நீட்டி எழுதிவிட்டு என்னையே திட்டுகிறார். இவர் வழக்கமே இதுதான்.

மேலூர் டீச்சர்:
எல்லாவற்றையும் ஏன் கண்ணாடியாக்க வேண்டும்? தென் கரோலினாவின் சவானா ரிவர் அணு வளாகத்தில் சீசியத்தைப் பிரித்த பிறகு மிஞ்சும் உப்புக் கரைசலைச் சிமென்டுக் கலவையில் கெட்டியாக்குகிறார்கள். செலவு குறைவு, சூளையும் வேண்டாம்.

யானைமலை:
சிமென்டா! கழிவிலுள்ள டெக்னீஷியம் 99 என்ற கதிரியக்கப் பொருள் தெரியுமா டீச்சர்? அரை ஆயுள், அதாவது பாதியாகக் குறையவே, 2 லட்சம் ஆண்டுக்கு மேல். தண்ணீரோடு சுலபமாக நகரும். அதைச் சிமென்டை நம்பி மண்ணில் விடச் சொல்கிறீர்களா?

மேலூர் டீச்சர்:
தெரியும் சார். உருக்குகிற சூட்டில் அந்த டெக்னீஷியத்தில் ஒரு பகுதி ஆவியாகிப் புகையோடு போவதும் தெரியும். உங்களுக்கு அது மறந்துவிட்டதா?

உசிலைக்காரன்:
இவர்கள் பேச்சை நம்பாதீர்கள் மக்களே. தேனி பொட்டிபுரத்தில் மலையைக் குடையப் பார்த்ததே இந்தக் கண்ணாடியை வைக்கத்தான்.

யானைமலை:
அது நியூட்ரினோ என்ற நுண்துகளை ஆராயும் ஆய்வகத் திட்டம். தலைக்குமேல் ஒரு கிலோமீட்டர் பாறை இருந்தால்தான் விண்வெளியிலிருந்து வரும் காஸ்மிக் கதிர்களின் தொல்லை குறையும். மலை எதற்கு என்று அப்போதே நான்கு பக்கம் எழுதினேன், நீ ஒரு வரிகூடப் படிக்கவில்லை.

உசிலைக்காரன்:
நான்கு பக்கமும் படித்தேன். கண்ணாடி உடையாது என்று ஓரிடத்திலும் இல்லை.

திருநகர் வாசி:
வைகை அணையில் தெர்மாகோல் விட்டபோது "அருமையான யோசனை" என்று எழுதிய ஆள், இன்று அணு விஞ்ஞானம் பேசுகிறார்.

உசிலைக்காரன்:
நானா? லிங்க் போடு பார்ப்போம்.

திருநகர் வாசி:
நீதான் மறுநாளே அழித்துவிட்டாயே.

மேலூர் டீச்சர்:
டெக்னீஷியம் கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

யானைமலை:
புகையில் போவதைப் பிடித்து மறுபடி உலைக்கே அனுப்புவார்கள் டீச்சர், இதுகூடவா சொல்ல வேண்டும்? நாளைக்கு விரிவாக எழுதுகிறேன். தெர்மாகோல் சண்டைக்கு வேறு திரி திறந்துகொள்ளுங்கள்.

மேலூர் டீச்சர்:
மறுபடி அனுப்பினால் மறுபடி ஆவியாகும் சார்.

உசிலைக்காரன்:
விரிசலும் விழும்.