புரதத்தில் ஒளிர்சாயம்: ஏற்றுவதா, பிணைப்பதா, தொடுப்பதா?

அன்புடையீர்,

முதுநிலை மாணவர்களுக்கான நுண்ணோக்கிச் செய்முறைக் கையேடு வரும் திங்களன்று அச்சுக்குப் போகிறது. புரதத்தோடு ஒளிரும் சாயத்தைச் சேர்ப்பதைக் குறிக்கும் fluorescent labelling என்ற ஒரு சொல்லுக்கு மட்டும் தமிழ் முடிவாகாமல் இன்னும் இடம் விட்டு வைத்திருப்பதால், நம்மிடையே வந்த யோசனைகளைப் பற்றி என் நிலையைச் சொல்லிவிடுகிறேன்.

"சாயமேற்றல்" வேண்டவே வேண்டாம். துணியில் ஏற்றும் சாயம் ஊறிப் படிகிறது. இங்கே புளோரசீன் ஐசோதயோசயனேட் என்னும் சாயம், புரதத்திலுள்ள லைசின் என்னும் அமினோ அமிலத்தின் அமினோ தொகுதியோடு வினைபுரிந்து சகப்பிணைப்பால் நிலைத்துவிடுகிறது. சென்ற ஆண்டுப் படியில் "சாயமேற்றல்" என்றிருந்ததைப் படித்த மாணவி ஒருவர், ஊறவைப்பதுதானே என்றெண்ணி டிரிஸ் என்னும் சேர்மம் கலந்த தாங்கல் கரைசலிலேயே (அமில-கார நிலையை மாறாமல் காக்கும் கரைசல்) வினையை நடத்தினார். டிரிஸிலும் அமினோ தொகுதி உண்டாதலால், சாயத்தின் பெரும்பகுதியை அதுவே பறித்துக்கொண்டது. புரதத்தையும் தனிச்சாயத்தையும் பிரிக்கும் குழாயில் புரதத்தோடு முதலில் இறங்க வேண்டிய மஞ்சள் பட்டை கண்ணுக்கே தென்படவில்லை; பின்தங்கி வரும் தனிச்சாயப் பட்டை மட்டும் அடர்ந்து நின்றது. அந்தப் பிழைக்கு மாணவியை அல்ல, சொல்லைத்தான் குறை கூறுவேன்.

fluorescence என்ற சொல்லின் இலத்தீன் வேருக்குப் "பாய்தல்" என்று பொருள் என்பதால் "பாயொளி" எனலாம் என்றார் ஒரு நண்பர். இயற்பியலாளர் ஸ்டோக்ஸ் 1852இல் fluorescence என்ற பெயரைப் புளோரைட் கனிமத்திலிருந்து எடுத்தார். உலோகம் உருக்கும்போது அதை எளிதில் பாயச் செய்யும் இளக்கியாக உதவியதால் கனிமத்துக்கு வந்த பெயர் அது. ஒளி பாய்வதற்கும் அதற்கும் தொடர்பில்லை. கிளர்வுற்ற புளோரசீன் ஏறத்தாழ 4 நானோநொடியில் ஒளியை உமிழ்ந்துவிடுவதால், ஒளியூட்டல் நின்ற பின்னும் நீடிக்கும் நின்றொளிர்வுக்கு (phosphorescence) எதிராக "உடனொளிர்வு" என்பதே நிகழ்வுக்குப் பொருந்தும். சாயத்துக்கோ "ஒளிர்சாயம்" போதும். அது வினைத்தொகை, ஒற்று மிகாது. ஒளிர்ந்த, ஒளிர்கின்ற, ஒளிரும் என முக்காலமும் அதில் அடங்குவதால், ஒளிபட்டு ஒளிபட்டு வெளிறிப்போன மூலக்கூறுக்கும் அப்பெயர் தகும் என்பதில் எனக்குத் தனி மகிழ்ச்சி.

சகப்பிணைப்பிலுள்ள "சக" வடசொல் என்று நீக்கி, கட்டுதல் என்று பொருள்படும் யா என்னும் வேரிலிருந்து "உடன்யாப்பு" அமைக்கலாம் என்ற ஐயாவின் புலமையை மதிக்கிறேன். ஆனால் வகுப்பில் யாப்பு என்றதும் வெண்பாதான் நினைவுக்கு வரும். பள்ளியிலிருந்தே பழகிய சகப்பிணைப்பைக் கைவிட என்னால் இயலாது. ஆகவே "ஒளிர்சாயம் பிணைத்தல்" என்பதே என் தேர்வு.

"தொடுத்தல்" வேண்டும் என்ற அம்மையாரின் மறுப்பு மட்டும் என்னை விடவில்லை. ஆல்பர்ட் கூன்ஸ் குழுவினர் 1941இல் செய்ததுபோல் எதிர்ப்பொருளில் (antibody) சாயத்தைப் பிணைத்து, பிறகு அந்த எதிர்ப்பொருளை அது தேடும் இலக்கு மூலக்கூறோடு பிணைய விடும்போது, ஒரே வாக்கியத்தில் இரு பிணைப்புகள் வருகின்றன; முன்னது வேதிப்பிணைப்பு, பின்னது மீளக்கூடியது. முன்னதைப் பிறவினையாகவும் (பிணைத்தல்) பின்னதைத் தன்வினையாகவும் (பிணைதல்) எழுதி வேறுபடுத்தலாம் என்றேன். "பிணைப்பு என்று பெயராக்கினால் அந்த வேறுபாடு எங்கே போகும்?" என்று அவர் கேட்டார். அதற்கு என்னிடம் விடையில்லை.

ஞாயிற்றுக்கிழமைக்குள் வேறு வழி கிடைக்காவிட்டால் பெரும்பான்மையோர் ஏற்ற "பிணைத்தல்" அச்சேறும். சொல்லடைவில் அதன் பக்கத்திலேயே "தொடுத்தல்" என்பதையும் சேர்த்துவிடுகிறேன்.