ஜினேவ்ராவின் முன்னும் பின்னும்

மோனாலிசாவைப் பார்த்த அனுபவத்தைப் பலரும் எழுதிவிட்டார்கள். நான் சொல்லப்போவது லியொனார்டோ டா வின்சி தன் இருபதுகளில் வரைந்த இன்னொரு பெண்ணைப் பற்றி. பெயர் ஜினேவ்ரா டி பென்சி. வாஷிங்டன் தேசிய ஓவியக் காட்சியகத்தில் இருக்கிறாள். அனுமதி இலவசம்.

அம்மா ஊரிலிருந்து வந்திருந்தபோது கூட்டிப்போனேன். அவருக்கு மூட்டுவலி, அதனால் மற்ற அறைகளை விட்டுவிட்டு நேரே இந்த ஓவியத்துக்கே போனோம். சுவரில் மாட்டாமல் அறையின் நடுவே நிறுத்தி வைத்திருக்கிறார்கள். ஒரு முழம்கூட இருக்காது. அம்மா கிட்டே போய்ப் பார்த்ததும் கேட்டார்: “ஏண்டா, காதுல கழுத்துல ஒண்ணுமே இல்லையே. இன்னும் கல்யாணம் ஆகலையா?”

நான் இத்தனை தடவை போயும் அது எனக்குத் தோன்றவில்லை. ஜினேவ்ரா பெரிய வங்கிக் குடும்பத்துப் பெண். 1474-இல் பதினாறு வயதில் கல்யாணம். அந்தக் காலத்து இத்தாலிய நகரமான ஃபுளோரன்ஸில் பெண்ணைப் படம் வரைந்தால் நகையும் பட்டும் பளிச்சென்று தெரியும், முகம் பக்கவாட்டில் இருக்கும். இவளோ பழுப்பு உடையில், நம் பக்கம் திரும்பி உட்கார்ந்திருக்கிறாள். முகத்தில் சிரிப்பே இல்லை. காதோரம் சுருண்டு விழும் முடியில் மட்டும் வெளிச்சம் தங்கம் மாதிரி ஒட்டிக்கொண்டிருக்கிறது.

தலைக்குப் பின்னால் அடர்ந்து நிற்பது ஊசி போன்ற இலைகள் கொண்ட ஜூனிபர் புதர். இத்தாலிய மொழியில் அதற்கு ஜினேப்ரோ என்று பெயர். அவள் பெயரோடு ஒலிக்கும் சொல். புதரும் வானமும் சேரும் இடத்தில் லியொனார்டோவின் விரல் ரேகை பதிந்திருக்கிறதாம். ஈரச் சாயத்தை விரலாலேயே தேய்த்து இழைத்திருக்கிறார். அதைக் கண்டுபிடிக்க நாங்கள் இருவரும் குனிந்து குனிந்து பார்த்தோம், அகப்படவில்லை. ஓவியம் வரைந்த மரப்பலகையின் அடிப்பகுதியைப் பிற்காலத்தில் யாரோ வெட்டிவிட்டார்கள். அதில் அவள் கைகள் இருந்திருக்கும் என்று ஆய்வாளர்கள் நினைக்கிறார்கள். எனக்கு இன்றும் மனசு ஆறாத விஷயம் அது.

அப்புறம் பின்பக்கம் போனோம். அங்கேயும் ஓவியம்! சிவந்த பளிங்குக் கல் போலத் தீட்டிய பரப்பில் ஒரு ஜூனிபர் கிளை, ஒருபுறம் லாரல் தழை, மறுபுறம் பனையோலை. சுற்றியிருக்கும் நாடாவில் லத்தீன் வரி. அழகு நற்குணத்துக்கு அணிகலன் என்று பொருள் சொல்லலாம்.

“நகை இங்க இருக்கு பாரு,” என்றார் அம்மா.

அவள் கவிதையும் எழுதியவள் என்றேன். மிஞ்சியது ஒரே வரி: ‘மன்னிப்புக் கேட்கிறேன், நான் ஒரு மலைப்புலி.’

அம்மா ஒன்றும் சொல்லவில்லை. மூட்டைப் பிடித்துக்கொண்டு மெதுவாகச் சுற்றி, மறுபடி முன்பக்கம் போய் நின்று, ரொம்ப நேரம் அந்த முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.