பெரிய மாடல் வண்டிக்குப் பிரஷ் வாங்கின அனுபவம்: உங்களுக்கு நடந்ததையும் எழுதுங்க

கவசப்பிரியன்:
கட்டி முடிச்சு பிரைமர் அடிச்ச டைகர் மேசையில இருக்கு. ரெண்டாம் உலகப்போர் ஜெர்மன் டேங்க், டாமியா கம்பெனி கிட், நிஜ அளவுல 16-ல ஒரு பங்கு (1/16). பீரங்கிக் குழாயைச் சேர்க்காமலே 39 செ.மீ. நீளம். பெயிண்ட்டைக் காத்தால தூவுற ஏர்பிரஷ்ஷுக்குக் கம்ப்ரஸர் வேணும், அந்தச் சத்தம் எங்க அபார்ட்மென்ட்ல ஒத்துவராது, அதனால கை பிரஷ்தான். அதுல எனக்கு வருத்தமே இல்லை. மஞ்சள் பேஸ் கோட் அடிக்க அகலமான ஃபிளாட் பிரஷ் ஒண்ணு வாங்கினேன். கடைக்காரர் "இதைத்தான் சார் எல்லாரும் எடுத்துட்டுப் போறாங்க"ன்னு கொடுத்தார். விலையும் குறைவில்லை.

டரட்டோட, அதாவது பீரங்கியோட சுழலுற மேல்கூண்டோட, பக்கவாட்டு வளைவு எப்படி இருக்கும்னு உங்களுக்கே தெரியும். குதிரை லாடம் மாதிரி ஒரே தகடு, ஒளிச்சு வைக்க மூலையே கிடையாது. ரெண்டாவது கோட் பாதி காய்ஞ்சிருந்தப்ப டேபிள் லேம்பைச் சாய்ச்சுப் பார்த்தேன். தகட்டுக்கு நட்டநடுவுல பிரஷ் முடி ஒண்ணு. ஒரு முனை பெயிண்ட்டுக்குள்ள புதைஞ்சிருக்கு, இன்னொரு முனை வெளியே தூக்கிட்டு நிக்குது. ட்வீசரை எடுத்துக் குனிஞ்சவன் அப்படியே நின்னுட்டேன். இழுத்தா பெயிண்ட் தோலோட வரும். விட்டா அங்கேயே இருக்கும். அந்த நிமிஷம் இன்னும் மனசை அரிக்குது. கடையில கையில எடுத்துப் பார்க்கும்போதே இந்தப் பிரஷ் முடி கொட்டும்னு கண்டுபிடிக்க முடியாதா?

நாமக்கல்பாடி:
நான் டேங்க் பண்றதில்லை. ஃபோம் ஷீட்ல லாரி, பஸ். 1/10 அளவுல ஒரு ஆறு சக்கர லாரி கட்டி, பாடி ஓரத்துல நீளக் கோடு போடணும். மாஸ்கிங் டேப் ஒட்டி அடிச்சா டேப்புக்கு அடியில பெயிண்ட் கசிஞ்சு கோடு பல்லு பல்லா வந்துச்சு. எங்க ஊர்ல லாரி பாடி பட்டறைக்கா பஞ்சம்? மாடலைத் தூக்கிட்டு ஒரு பெயின்டர் பெரியவர்கிட்ட போனேன்.

அவர் என்னோட பிரஷ்ஷைத் தொடவே இல்லை. தன்னோட டப்பாவுல இருந்து ஒண்ணை எடுத்தார். முடி மட்டும் ரெண்டு இன்ச் இருக்கும், அவ்வளவு நீளம், அவ்வளவு ஒல்லி. எனாமல்ல தோய்ச்சு, ஒரு அட்டையில ரெண்டு பக்கமும் தடவித் தடவி முடியைத் தட்டையாக்கினார். சுண்டு விரலைப் பாடி விளிம்புல ஊன்றினார். முன்னாடி கேபின்ல ஆரம்பிச்சவர் பின்னாடி டெயில் போர்டு வரைக்கும் நடந்தார். கை நகரலை, உடம்புதான் நகர்ந்தது. கோடு எங்கேயும் தடிக்கலை, எங்கேயும் மெலியலை. "முடி நீளமா இருந்தாத்தான்பா பெயிண்ட்டைச் சேர்த்து வச்சுக்கும். குட்டை முடி வச்சு இழுத்தா பாதி வழியில தாகம் எடுத்துடும்"னு சொன்னார். காசு வாங்கிக்கலை. அந்தக் கோட்டை நான் இன்னும் தினமும் பார்க்கிறேன். அதே மாதிரி பிரஷ் தேடி அலையுறேன், ஆர்ட் கடையில கேட்டா யாருக்கும் புரியலை.

ஸ்ப்ரேகன்:
1/16 டேங்க்குக்குப் பேஸ் கோட் கை பிரஷ்லயா? மன்னிக்கணும், ஏத்துக்க முடியலை. 1/35-ல டைகர் 18 செ.மீ. சமாளிக்கலாம். அதைத் தாண்டினா ஏர்பிரஷ்தான். முடி கொட்டுற பிரச்சினையே வராது. சத்தம்தான் கவலைன்னா காத்தைச் சேர்த்து வைக்கிற தொட்டி இருக்கிற கம்ப்ரஸர் வாங்குங்க, காத்து நிரம்பினதும் தானா நின்னுடும்.

கவசப்பிரியன்:
சார், ஏர்பிரஷ் வாங்கலாமான்னு நான் கேட்கலை. பிரஷ் பத்திக் கேட்டேன்.

சிங்கைத்தூரிகை:
ஸ்ப்ரேகன் சொல்றதை நானும் ஏத்துக்க மாட்டேன். அளவு பெருசானா பிரஷ்ஷும் பெருசாகணும், அவ்வளவுதான். இங்க சிங்கப்பூர்ல ஒரு கேமிங் கடை மேசையில கண்ணால பார்த்தது இது. எனக்கு எதிர்ல ஒரு தம்பி வார்ஹேமர் விளையாட்டுல வர்ற பேன்பிளேடுங்கிற பெரிய டேங்க் மாடலுக்குப் பச்சை அடிச்சுட்டு இருந்தான். கையில அருமையான கொலின்ஸ்கி சேபிள், நம்பர் 1 ரவுண்ட். அதை வச்சு அவ்வளவு பெரிய பக்கத்தகட்டையும் கோடு கோடா நிரப்புறான். ஏசி காத்து நேரா அவன் தலைக்கு மேல. அந்தப் பக்கம் போய்ச் சேர்றதுக்குள்ள இந்தப் பக்கம் காய்ஞ்சு போகுது, ஒவ்வொரு இணைப்புலயும் மேடு. பக்கத்துல உட்கார்ந்திருந்த சீன அங்கிள் ஒண்ணும் பேசலை. தன்னோட அரை இன்ச் சிந்தெடிக் ஃபிளாட்டை அவன் முன்னாடி நகர்த்தி வச்சார், அவ்வளவுதான். அந்தப் பையன் அடுத்த பக்கத்தைச் சில இழுப்புல முடிச்சுட்டு அதையே பார்த்துட்டு உட்கார்ந்திருந்தான்.

கொலின்ஸ்கியைக் குறை சொல்லலை. சைபீரிய வீசல் வால் முடி. ஒவ்வொரு முடியும் வயிறு தடிச்சு முனை ஒடுங்கி இருக்கும், அதனாலதான் நிறைய பெயிண்ட்டைப் பிடிச்சுக்கிட்டும் ஊசி முனைக்குத் திரும்புது. வின்ஸர் அண்ட் நியூட்டனோட சீரிஸ் 7, 1866-ல விக்டோரியா ராணிக்காகச் செஞ்சது. வாட்டர்கலர் வரையச் செஞ்ச பிரஷ் அது. டேங்க்ல அதுக்கு வேலை பெரிஸ்கோப் கண்ணாடி, டூல்ஸ், வீரன் முகம். தகடு அடிக்க அதை எடுத்தா பிரஷ்ஷும் போச்சு, தகடும் போச்சு. ஊருக்கு வரும்போதெல்லாம் நான் கேம்லின் 67 ஃபிளாட் வாங்கிட்டு வருவேன். அக்ரிலிக்குக்கு அது போதும்.

மெல்லியகோட்:
எனக்கு நடந்தது சின்ன விஷயம். டாமியா அக்ரிலிக், ரெண்டாவது கோட். ஃபிளாட் பிரஷ்ஷை இழுத்த வேகத்துல அடியில இருந்த முதல் கோட் சுருண்டு பிரஷ்ஷோட வந்துடுச்சு, சாம்பல் பிளாஸ்டிக் பல்லைக் காட்டுது. டாமியா பெயிண்ட்டுல ஆல்கஹால் இருக்கு, பழைய கோட்டைக் கரைச்சுடும். வல்லெஹோ மாதிரி தண்ணி அடிப்படை பெயிண்ட்டுல இந்தத் தொல்லை குறைவு. டாமியாதான் வேணும்னா காயறதைத் தாமதப்படுத்துற ரிடார்டர் சேர்த்து, முதல் கோட்டை நல்லா காய விட்டு, ஒரே இழுப்புல போகணும்.

கவசப்பிரியன் தம்பிக்குச் சொல்றேன். கடையில இருக்கிற புதுப் பிரஷ்ல பசை போட்டு முனையை விறைப்பா நிறுத்தியிருப்பாங்க. அந்த முனையைப் பார்த்து ஏமாறாதீங்க. ஒரு டம்ளர் தண்ணி கேளுங்க, கொடுக்க மாட்டேன்னா வேற கடை. பசை கரைஞ்சதும் ஒரு உதறு உதறினா ஃபிளாட் உளி மாதிரி ஒரே விளிம்பா வந்து நிக்கணும். ரெண்டா பிளந்தா வேண்டாம். முடியை ரெண்டு விரலால பிடிச்சு மெதுவா இழுங்க. ஒண்ணு ரெண்டு வந்தா பரவாயில்லை, வந்துக்கிட்டே இருந்தா அது கொட்டுற பிரஷ். முடியைக் கவ்விப் பிடிச்சிருக்கிற தகரம் மரக்காம்புல ஆடுதான்னும் பாருங்க. நம்பரை நம்பாதீங்க, ஒரு கம்பெனியோட 8 இன்னொரு கம்பெனிக்கு 6. உங்க பெரிய தகட்டோட உயரத்துல மூணுல ஒரு பங்காவது பிரஷ் அகலம் இருக்கணும்.

வீட்டுக்கு வந்ததும் மாஸ்கிங் டேப்போட பசைப் பக்கத்துல உலர்ந்த பிரஷ்ஷை ரெண்டு பக்கமும் அழுத்தி அழுத்தி எடுங்க. கொட்ட வேண்டிய முடி டேப்புலயே கொட்டிடும். பெயிண்ட்டைத் தண்ணியாக்குங்க, முடியோட பாதிக்கு மேல தோய்க்காதீங்க, தகரத்துக்குள்ள பெயிண்ட் போனா முனை விரிஞ்சுடும். ஈர விளிம்பு காயறதுக்குள்ள அடுத்த இழுப்பு அதைத் தொடணும். காய ஆரம்பிச்ச இடத்துக்குத் திரும்பவே போகாதீங்க, கண்ணுக்குக் குறை தெரிஞ்சாலும் சரி. மேல் தளத்துல எப்படி வேணா அடிங்க. செங்குத்தான தகட்டுல கடைசி கோட்டை மட்டும் மேலிருந்து கீழே இழுங்க. கொஞ்சம் தடம் தெரிஞ்சாலும் மழைநீர் வழிஞ்ச தடத்தோட கலந்துடும். ஏர்பிரஷ்ல அடிச்சவங்க ஆயில் பெயிண்ட் வச்சு அந்தத் தடத்தைத் தனியா உண்டாக்க வேண்டியிருக்கு.

ஒட்டின முடியை இப்ப தொடாதீங்க. முழுசா காயட்டும். 2000 நம்பர் வாட்டர் பேப்பர்ல தண்ணி தொட்டு நீவி, அந்தத் தகடு முழுக்க ஒரு கோட் கொடுங்க. அந்த இடத்துல மட்டும் ஒட்டுப் போட்டா லேம்ப் வெளிச்சத்துல காட்டிக்கொடுக்கும்.

பழையஆர்டிஸ்ட்:
பிரஷ் கடைன்னு பேச்சு வந்ததால இதைச் சொல்லியே ஆகணும். ஒரு பஸ் மாடலுக்கு முடி வளைஞ்சாலும் துள்ளி நிமிர்ற, நல்ல ஸ்பிரிங் இருக்கிற பிரஷ் தேடிப் போனேன். எந்த ஊர், எந்தக் கடைன்னு வேண்டாம். ஷெல்ஃப்ல இருந்த எதுவும் பிடிக்கலைன்னதும் கடைக்காரர் கல்லாவுக்குக் கீழே கை விட்டு நியூஸ்பேப்பர்ல சுத்தின கட்டு ஒண்ணை எடுத்தார். "ஒரிஜினல் முடி சார், பழைய ஆளுங்களுக்கு மட்டும்." முனை கருப்பு, நடுவுல வெளிர் நிறம், அடியில பழுப்பு. புறங்கையில அழுத்தி விட்டேன், துள்ளி நிமிர்ந்தது. கை அப்படியே பின்வாங்கிடுச்சு. கீரி முடி.

1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி கீரி முடி பிரஷ் செய்யறது, விற்கறது, வச்சிருக்கறது எல்லாமே குற்றம். ஒரு கிலோ முடிக்குச் சுமார் 50 கீரி சாகுது. 2019-ல வனவிலங்குக் குற்றத் தடுப்புப் பிரிவு 'ஆபரேஷன் கிளீன் ஆர்ட்'னு பேர் வச்சு நாடு முழுக்க ரெய்டு நடத்தினாங்க. உத்தரப் பிரதேசத்துல ஷெர்கோட், பிரஷ் தொழிலுக்கே பேர் போன ஊர், அங்கேயும் போனாங்க. "இது கீரி, எடுத்து உள்ளே வைங்க, வனத்துறைக்குத் தெரிஞ்சா கடையே போயிடும்"னு சொன்னேன். "எல்லாரும் இதைத்தான் கேக்குறாங்க சார், நான் என்ன பண்ண"ன்னார். அந்த "எல்லாரும்" யாருன்னு நினைச்சா தூக்கம் வரலை. நம்ம மாதிரி ஆளுங்கதானே கேட்டிருப்பாங்க?

கம்பெனி பேர் இல்லாம, முனை கருத்து நடு வெளுத்து இருக்கிற பிரஷ் கண்ணுல பட்டா தயவுசெஞ்சு வாங்காதீங்க. சிந்தெடிக் நார்னா தடிமன் பெரும்பாலும் ஒரே சீரா, நிறமும் ஒரே மாதிரி இருக்கும். ஒரு நாரை நெருப்புல காட்டினா உருகி மணியாகும். முடின்னா பொசுங்கி நாறும்.

ஸ்ப்ரேகன்:
பழையஆர்டிஸ்ட் சார், இது எனக்குத் தெரியாது. என் பழைய டப்பாவுல அந்த மாதிரி நிறத்துல ரெண்டு இருக்கு. என்ன பண்ணணும்?

பழையஆர்டிஸ்ட்:
கீரின்னு சந்தேகம் இருந்தா வனத்துறை அலுவலகத்துல கேட்டு ஒப்படைச்சுடுங்க. யாருக்கும் கொடுக்காதீங்க, விற்கவும் வேண்டாம்.

களிமண்பூச்சு:
ஸிம்மரிட் பூசின டைகர் செய்யறவங்க ஃபிளாட் பிரஷ்ஷை நம்பாதீங்க. காந்தக் கண்ணிவெடி ஒட்டாம இருக்க 1943-ல ஆரம்பிச்சு 1944 செப்டம்பர்ல நிறுத்தின அந்தப் பூச்சு. 1/16-ல புட்டியால வரி வரியா இழுத்திருந்தேன். ஃபிளாட்டால அடிச்சதும் பெயிண்ட் எல்லாம் பள்ளத்துல குளமா நின்னுது, மேட்டுல ஒண்ணுமே இல்லை. கோபத்துல தேய்ஞ்சு போன ரவுண்ட் பிரஷ் ஒண்ணை எடுத்துக் குத்திக் குத்தி அடிச்சேன். முனை விரிஞ்சு, தூக்கிப் போட வச்சிருந்தது. பள்ளம், மேடு ரெண்டுலயும் சீரா ஏறுச்சு. மேட்டுல வெளிச்சம் பட்ட மாதிரி காட்ட டிரை பிரஷ் பண்ண, அதாவது பெயிண்ட்டைத் துடைச்ச பிரஷ்ஷால லேசா வருட, எங்க வீட்டம்மா கொடுத்த மேக்கப் பிரஷ், உருண்டைத் தலையோட மெத்துன்னு இருக்கும். அதைவிட நல்லதை நான் எந்த ஹாபி கடையிலயும் பார்த்ததில்லை.

நாமக்கல்பாடி அண்ணே, அந்தப் பெரியவர் வேலை முடிச்சதும் பிரஷ்ஷை எப்படி வச்சார்னு கவனிச்சீங்களா?

நாமக்கல்பாடி:
கவனிச்சேன். டர்பன்டைன்ல அலசி, துணியில துடைச்சு, தேங்காய் எண்ணெய் தொட்டு முடியை நேரா நீவி, படுக்க வச்சார். நிக்க வைக்கலை. எண்ணெய் இருக்கிற வரைக்கும் தகரத்துக்குள்ள மிச்சமிருக்கிற எனாமல் இறுகாதாம். மறுபடி பெயிண்ட் தொடுறதுக்கு முன்னாடி எண்ணெய் சுத்தமா போக இன்னொரு தடவை டர்பன்டைன்ல அலசணும். அக்ரிலிக் பிரஷ்ல இதைப் பண்ணாதீங்க, அதுக்குச் சோப்பும் தண்ணியும்தான்.