உப்புக் காற்றில் விலை குறைந்த அலாய் வீல் எத்தனை நாள் தாங்கும்?

உச்சிப்புளி வாடகைக்கார்:

எல்லோருக்கும் வணக்கம். 2019 மாடல் டிசையர் ஒன்றை வாடகைக்கு ஓட்டுகிறேன். இராமேசுவரம், தனுஷ்கோடி, தேவிபட்டினம், திருப்புல்லாணி என்று கோயில் பயணிகளை ஏற்றி இறக்குவதுதான் முக்கால்வாசி வேலை. மாதத்தில் நாலைந்து முறை மதுரை விமான நிலையம் போவேன்.

பதினான்கு மாதங்களுக்கு முன்பு மதுரையில் ஒரு கடையில் அலாய் வீல் (அலுமினியக் கலவைச் சக்கரம்) வாங்கினேன். பதினான்கு அங்குலம், கறுப்பும் வெள்ளியுமாகப் பளபளக்கும் டைமண்ட் கட், நான்கும் சேர்த்து 18,500 ரூபாய். பயணிகள் வண்டியைப் பார்த்ததும் திருப்தியாக ஏற வேண்டும் என்ற ஆசையில்தான் வாங்கினேன். முதல் ஆறு மாதம் குறையே இல்லை. இப்போது மூன்று தொல்லைகள்.

பின்பக்க இடது சக்கரத்தில் காற்றழுத்தம் 32 வைத்தால் ஐந்தாம் நாள் 24இல் நிற்கிறது. பஞ்சர் கடையில் இரண்டு முறை பார்த்தாயிற்று. ஆணியும் இல்லை, கருவேல முள்ளும் இல்லை. இரண்டாவது, நான்கு சக்கரங்களிலும் மேல்பூச்சுக்கு அடியில் வெள்ளைக் கோடுகள் ஓடுகின்றன. மண்புழு ஈரமண்ணில் ஊர்ந்த தடம் போல நட் துளையிலிருந்து கிளம்பி வளைந்து வளைந்து போகின்றன. நகத்தால் சுரண்டினால் பூச்சு செதிலாக வருகிறது, அடியில் சுண்ணாம்புப் பொடி போல ஒன்று. மூன்றாவது, பரமக்குடி தாண்டி 90இல் போகும்போது ஸ்டீயரிங் நடுங்குகிறது. பேலன்சிங் இரண்டு முறை செய்துவிட்டேன்.

பழைய இரும்பு டிஸ்க் (இரும்புச் சக்கரம்) நான்கும் வீட்டின் பின்னால் கோழிக்கூண்டுக்குப் பக்கத்தில் துருப்பிடித்துக் கிடக்கின்றன. இந்த அலாயைச் சரிசெய்யலாமா, வேறு வாங்கலாமா, இரும்புக்கே திரும்பிவிடலாமா? வாரம் மூன்று முறையாவது தனுஷ்கோடிக் கடல்முனையான அரிச்சல்முனை வரை போகிற வண்டி இது. அனுபவப்பட்டவர்கள் சொல்லுங்கள்.

கீழக்கரை_நீலவண்டி:

காக்கா (எங்கள் ஊரில் அண்ணனை இப்படித்தான் அழைப்போம்), அந்தப் புழுத்தடம் எனக்கும் வந்தது. டைமண்ட் கட் என்றால் கடைசல் எந்திரத்தில் முகப்பைச் சீவி, அந்த வெற்று அலுமினியத்தின் மேல் கண்ணாடி போன்ற மெல்லிய பூச்சை மட்டும் கொடுப்பார்கள். சீவிய விளிம்பு கூர்மையாக இருக்கும், அங்கே பூச்சு நிற்காது. ஒரு சிறு கல் தெறித்தாலும், நட் கழற்றும் ஸ்பானர் உரசினாலும் உப்பு உள்ளே இறங்கிவிடும். அப்புறம் மேலே எவ்வளவு துடைத்தாலும் பயனில்லை. நான் நான்கையும் முழுக்கச் சுரண்டி, ஒரே நிறமாகச் சாம்பல் வண்ணத்தில் பவுடர் கோட்டிங் செய்தேன். மூன்று வருடமாக அப்படியே இருக்கிறது. பளபளப்பு போய்விட்டது, நிம்மதி வந்துவிட்டது.

டயர்க்கடை இராமநாதபுரம்:

தம்பி, இருபத்திரண்டு வருடமாக டயர் கடை வைத்திருக்கிறேன். நீங்கள் சொன்ன மூன்றும் மூன்று வேறு நோய்கள். பூச்சு உரிவதைக் கீழக்கரைக்காரர் சரியாகச் சொல்லிவிட்டார். மற்றதை நான் சொல்கிறேன், கொஞ்சம் நீளும்.

காற்று இறங்குவது டயரில் இல்லை. பீடிங் (ரிம்மோடு ஒட்டும் டயரின் விளிம்பு) உட்காருகிற இடத்தில் இருக்கிறது. அலுமினியத்துக்கு இயல்பாகவே மேலே ஒரு மெல்லிய தோல் உண்டு, காற்றுப்பட்டதும் தானாக உண்டாகும். அதுதான் அதைக் காப்பாற்றுகிறது. உப்பு அந்தத் தோலைத் துளைத்துவிடும். அலுமினியச் சட்டியில் புளிக்குழம்பை இரவெல்லாம் வைத்துவிட்டால் அடியில் புள்ளிப் புள்ளியாகக் குழி விழுமே, அதே கதைதான். கொக்கி வைத்த பேலன்சிங் எடையை ரிம் விளிம்பில் சுத்தியலால் தட்டி மாட்டுகிறார்களே, அங்கேதான் முதலில் பூச்சு வெடிக்கும். அந்த வெடிப்பிலிருந்து உப்பு பீடிங் வரைக்கும் அரித்துக்கொண்டு போகும். உங்கள் சக்கரத்தைக் கழற்றித் தண்ணீர்த் தொட்டியில் முழுக்க அமிழ்த்தச் சொல்லுங்கள். பஞ்சர் என்றால் ஓரிடத்திலிருந்து விடாமல் குமிழி வரும். பீடிங் கசிவு என்றால் ரிம்மும் டயரும் சேரும் கோட்டில் கடுகளவு முத்துகள் வரிசையாக ஒட்டிக்கொண்டு நிற்கும். கையால் வழித்துவிட்டு ஒரு நிமிடம் பொறுத்தால் மறுபடி அதே இடத்தில் கட்டும். அப்படி இருந்தால் டயரைக் கழற்றி, வெள்ளைப் பொடியைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, உப்புத்தாளால் வழவழப்பாக்கி, பிரைமர் அடித்து, பீடிங் சீலர் பூசி ஏற்ற வேண்டும். அரை நாள் வேலை. ஒட்டும் எடையை உள்பக்கத்தில் வைக்கச் சொல்லுங்கள், கொக்கி எடை வேண்டாம்.

குமிழி ஆரத்தின் (ஸ்போக்கின்) முதுகிலிருந்தோ ரிம்மின் நடுப்பகுதியிலிருந்தோ வந்தால் அந்தச் சக்கரத்தை மறந்துவிடுங்கள். வார்க்கும்போது உள்ளே காற்று சிக்கி உலோகமே கடற்பஞ்சு மாதிரி ஆகியிருக்கிறது என்று அர்த்தம், அல்லது விரிசல்.

நடுக்கத்துக்கு வருகிறேன். உங்கள் வீலில் நட் துளை எட்டு இருக்கும், நான்கில் மட்டும் நட் போட்டிருப்பார்கள், சரியா? இரண்டு பி.சி.டி.க்கு (நட் துளைகள் அமைந்த வட்டத்தின் விட்டம்) பொருந்தட்டும் என்று ஒரே வீலில் எட்டுத் துளை போடுவது விலை குறைந்த சரக்கின் வழக்கம். அதே காரணத்துக்காக நடுத்துளையையும் 73.1 மில்லிமீட்டர் என்று பெரிதாக விட்டிருப்பார்கள். உங்கள் டிசையரின் ஹப் (வண்டியில் சக்கரம் மாட்டும் நடுப்பகுதி) 54.1. நடுவில் இருக்கும் இடைவெளியை நிரப்ப ஒரு பிளாஸ்டிக் வளையம் வர வேண்டும். அது இல்லாவிட்டால் சக்கரத்தின் மையத்தை நான்கு நட்டின் கூம்பு மட்டும்தான் பிடித்திருக்கிறது. ஒரு நூல் விலகி இறுகினாலும் 90இல் நடுங்கும். பேலன்சிங் எந்திரத்தில் அது தெரியவே தெரியாது, ஏனென்றால் எந்திரம் வீலின் துளையைப் பிடித்துச் சுற்றுகிறது, உங்கள் ஹப்பை அது பார்ப்பதில்லை. வளையம் வாங்கிப் போடுங்கள், நட்டை ஒன்றுவிட்டு ஒன்று எதிரெதிராக இறுக்கச் சொல்லுங்கள்.

காற்று இறங்குவதும் பூச்சு உரிவதும் பணத்தைத் தின்னும். உடைவதுதான் ஆளைத் தின்னும். போன ஐப்பசியில் சாயல்குடிப் பக்கத்திலிருந்து ஒரு கார் வந்தது. உள்பக்க ரிம்மில் தலைமுடி அளவு விரிசல், ஒரு சாண் நீளம். கல்லில் ஏறி இறங்கியதாகச் சொன்னார். வெளியிலிருந்து பார்த்தால் வீல் புத்தம் புதிது. ஏற்கெனவே யாரோ அதே இடத்தில் ஆர்கான் வெல்டிங் வைத்துத் தேய்த்து வண்ணம் அடித்திருந்தார்கள், அதன் ஓரத்திலேயே மறுபடி விட்டிருக்கிறது. பின் இருக்கையில் இரண்டு குழந்தைகள் இருந்தன. அன்று முழுக்க எனக்கு வேலையில் மனம் போகவில்லை. நல்ல அலாயை வார்த்த பிறகு 540 பாகை அளவில் சூடேற்றி, தண்ணீரில் குளிரவைத்து, மறுபடி மெதுவாகச் சூடு கொடுத்துப் பதப்படுத்துவார்கள். அதன் வலிமை அந்தப் பதத்தில்தான் இருக்கிறது. வெல்டிங் வைத்தாலோ, கேஸ் விளக்கால் காய்ச்சிப் பெண்டு எடுத்தாலோ அந்த இடத்தில் பதம் போய்விடும். இரும்பு டிஸ்க் வளையும், தட்டினால் நிமிரும், வளைந்தது கண்ணுக்கும் தெரியும். அலாய் அப்படியல்ல.

ஆகவே நான்கு வீலையும் கழற்றி முதுகுப்பக்கத்தைப் பாருங்கள். அளவு, ஆஃப்செட் (வீலின் நடுக்கோட்டிலிருந்து ஹப்பில் ஒட்டும் முகம் விலகியிருக்கும் தூரம்), எத்தனை கிலோ தாங்கும், செய்தவர் பெயர், வார்த்த மாதம் எல்லாம் உலோகத்திலேயே எழும்பியிருக்க வேண்டும். ஜே.டபிள்யூ.எல். என்பது ஜப்பான் விதிப்படி செய்ததாகச் செய்தவரே சொல்லிக்கொள்வது. வி.ஐ.ஏ. என்பது வெளியார் சோதித்துக் கொடுப்பது. எழுத்தை அச்சில் வெட்ட யாராலும் முடியும், அதனால் அதை மட்டும் நம்பாதீர்கள். நம் நாட்டில் அலாய் சக்கரத்துக்கு ஐ.எஸ். 16192 என்ற தரம் இருக்கிறது. ஐ.எஸ்.ஐ. முத்திரையோடு உரிம எண் இருந்தால் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் பி.ஐ.எஸ். கேர் செயலியில் போட்டுப் பார்க்கலாம், யாருடைய உரிமம் என்று காட்டும். மோதல் சோதனையில் சக்கரத்தை 13 பாகை சாய்த்து வைத்து, 230 மில்லிமீட்டர் உயரத்திலிருந்து எடைக்கட்டியை விளிம்பில் விழவிடுவார்கள். 450 கிலோ தாங்கும் என்று எழுதிய வீலுக்கு அந்தக் கட்டியும் 450 கிலோ. அதைத் தாங்கி வந்த வீலும், தாங்குமா என்று யாருமே பார்க்காத வீலும் கடை அலமாரியில் ஒரே மாதிரிதான் மின்னும்.

2017இல் அரிச்சல்முனை வரை சாலை திறப்பதற்கு முன்பு அந்த மணலில் வேனும் ஜீப்பும்தான் போகும். இப்போது எல்லாக் காரும் முனை வரை போகிறது. திரும்பி வந்து பிரேக்குக்குப் பின்னால் ஒட்டிய ஈரமணலோடு அப்படியே நிறுத்திவிடுகிறார்கள். கச்சான் காற்று (மேல்காற்று) வீசும் மாதங்களில் என் கடைக்கு வரும் அலாயைப் பார்த்தே எந்த வண்டி எங்கே போகிறது என்று சொல்லிவிடுவேன்.

மண்டபம் ஓய்வுபெற்ற ஆசிரியை:

தம்பி, என் கருத்து வேறு. நீங்கள் கோழிக்கூண்டுப் பக்கம் போட்ட அந்த இரும்பு டிஸ்க்கை எடுத்துவாருங்கள். என் கார் பதினோரு வயது. வீடு கடலிலிருந்து முந்நூறு அடி. இன்று வரை அதே இரும்புச் சக்கரங்கள். இரண்டு ஆண்டுக்கு ஒரு முறை டயரைக் கழற்றும்போது துருவைத் தேய்த்து, துத்தநாகப் பிரைமர் அடித்து, மேலே வெள்ளி வண்ணம் பூசச் சொல்வேன். எங்கள் பாம்பன் பழைய ரயில் பாலம் 1914 முதல் 2022 வரை இந்தக் காற்றில் இரும்பாகத்தான் நின்று ரயிலைத் தாங்கியது. விடாமல் வண்ணம் பூசினார்கள், அதனால் நின்றது.

இன்னொன்று, எதைக் கொண்டு கழுவுகிறீர்கள்? எங்கள் பக்கத்து வீட்டுத் தம்பி தினமும் வண்டியைக் கழுவுவார், போர்த் தண்ணீரில். வாயில் வைத்தால் கரிக்கிற தண்ணீர். உப்பை உப்பால் கழுவி வெயிலில் காயவைப்பது போல. அரைக் குடம் நல்ல தண்ணீரும் ஒரு பழைய துணியும் இருந்தால் நான்கு சக்கரத்துக்கும் போதும்.

உச்சிப்புளி வாடகைக்கார்:

டீச்சர், நானும் போர்த் தண்ணீரில்தான் கழுவிக்கொண்டிருந்தேன். யாரும் சொல்லவில்லை.

அண்ணன், இன்று காலையில் நான்கையும் கழற்றினேன். முன்பக்க வலது சக்கரம் ஹப்பிலேயே ஒட்டிக்கொண்டு வரவில்லை. மரக்கட்டை வைத்துப் பின்னாலிருந்து அடித்துத்தான் வந்தது. துளை எட்டு, நீங்கள் சொன்னபடியே. வளையம் ஒன்றிலும் இல்லை. முதுகுப்பக்கத்தில் இரண்டில் அளவும் ஜே.டபிள்யூ.எல். எழுத்தும் இருக்கின்றன, எத்தனை கிலோ என்று இல்லை. மற்ற இரண்டில் அளவு மட்டும். ஒரே பெட்டியில் வாங்கியவை, ஆர வடிவம் ஒன்றுதான், ஆனால் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் முதுகின் வார்ப்பு வேறு வேறு.

டயர்க்கடை இராமநாதபுரம்:

அப்படியென்றால் அவை இரண்டு வேறு வார்ப்படச் சரக்கு, ஒரே வண்ணத்தில் விற்றிருக்கிறார்கள். பீடிங்கைச் சரிசெய்யும் செலவைக்கூட அவற்றுக்குச் செய்யாதீர்கள் தம்பி. பயணிகளை ஏற்றும் வண்டி. இரும்பு டிஸ்க்கைக் கொண்டுவாருங்கள். நட் உட்காரும் கூம்பு அரிக்காமல் இருந்தால், எந்திரத்தில் சுற்றிப் பார்த்து ஓட்டம் நேராக இருந்தால், வண்ணம் அடித்துப் போட்டுவிடலாம். அலாயே வேண்டும் என்றால் உங்கள் மாடலுக்குக் கார் நிறுவனமே கொடுக்கும் வீலைப் பழையதாக வாங்குங்கள், ஒரே நிறப் பூச்சு உள்ளதாக. எதை மாட்டினாலும் ஹப் முகத்தைக் கம்பி பிரஷ்ஷால் தேய்த்து, நடு உதட்டில் மட்டும் மெல்லிசாகக் கிரீஸ் தடவுங்கள். நட் மரையில் தடவாதீர்கள், இறுக்கம் தப்பிவிடும்.

உச்சிப்புளி வாடகைக்கார்:

இரும்பு டிஸ்க் நான்கையும் டிக்கியில் ஏற்றிவிட்டேன் அண்ணன். மூன்று நன்றாக இருக்கின்றன. ஒன்றில் நட் துளை ஓரம் துரு ஆழமாக இறங்கியிருக்கிறது. அதற்குப் பதில் ஒன்று கடையில் கிடைக்குமா? நாளை மதியம் வரை சவாரி இல்லை, காலை எட்டு மணிக்கே வந்துவிடுகிறேன்.

டயர்க்கடை இராமநாதபுரம்:

இருக்கிறது. ஸ்டெப்னியையும் எடுத்துவாருங்கள், அதையும் ஒரு தரம் பார்த்துவிடுவோம்.