லெஃப்ட் திருப்பத்துல மட்டும் ஆர்சி பக்கி (ரிமோட்ல ஓட்டுற சின்ன ரேஸ் கார்) பின்னாடி சுத்திக்குது, அவசரம்

தூசிராஜா:
வணக்கம் எல்லாருக்கும். பக்கி ரைட்ல நல்லா திரும்புது, லெஃப்ட் திருப்பி த்ராட்டில் குடுத்தா மட்டும் பின்னாடி அப்படியே வெளிய போயி சுத்திக்கிட்டு நின்னுடுது. இப்பதான் முழுசா பிரிச்சு கழுவி ஷாக் ஆயில்லாம் மாத்தி மாட்டினேன், அதுக்கு முன்னாடி இப்படி இல்ல. நேர் ரோட்டுல நேராதான் போகுது, டிரிம் (ரிமோட்ல ஸ்டீயரிங்கை நேராக்குற செட்டிங்) பாத்தாச்சு. ஞாயித்துக்கிழமை ரேஸ் இருக்கு. எந்த ஆயில் போட்டா சரியாகும்? சீக்கிரம் சொல்லுங்க

பினியன்21:
என்ன வண்டி ப்ரோ? டூ வீல் டிரைவா ஃபோர் வீலா, சைஸ் நிஜ கார்ல 1/10 ஆ 1/8 ஆ, எலெக்ட்ரிக்கா நைட்ரோவா? ட்ராக் என்ன மண்ணு? ஆண்டி ரோல் பார் (திருப்பத்துல வண்டி சாயாம லெஃப்ட் ரைட் ஆர்மை இணைக்கிற கம்பி) போட்டிருக்கீங்களா? இது எதுவும் தெரியாம ஆயில் நம்பர் சொன்னா அது ஜோசியம்தான்.

பசைடயர்:
டயர். கண்ணை மூடிக்கிட்டு சொல்றேன். லெஃப்ட் திரும்பும்போது மொத்த வெயிட்டும் ரைட் பக்க டயர் மேலதான் வரும், அந்த ரைட் பின் டயர்ல பசை விட்டுருந்தா ரிம்மை விட்டு உருண்டுடும், பின்னாடி போயிடும். கட்டை விரலால ரிம் ஓரத்தை சுத்தி அழுத்தி பாருங்க, எங்கயாவது வாய் பிளந்தா அங்கதான் பிரச்சினை. இன்னொண்ணு, கழுவினேன்னு சொல்றீங்க, ஓட்டை வழியா டயருக்குள்ள தண்ணி போயி உள்ள இருக்குற ஃபோம் ஊறிப்போயிருக்கும், காதுகிட்ட வச்சு ஆட்டி பாருங்க சத்தம் வரும்.

டிஃப்மணி:
டிஃப் (ரெண்டு பின் வீலுக்கும் பவரை பிரிச்சு குடுக்குற டிஃபரென்ஷியல்) ஆயில் என்ன போட்டிருக்கீங்க? 5000 போட்டிருந்தா 7000க்கு போங்க. எனக்கு பின்னாடி சுத்தினப்பல்லாம் டிஃப் மாத்திதான் சரியாச்சு.

பழையதடம்:
தம்பி, ஆயில்னு கேக்கும்போதே தெரியுது எங்க நிக்கிறீங்கன்னு. கொஞ்சம் யோசிங்க, ஷாக் ஆயில் ரெண்டு பக்கமும் ஒண்ணு, டிஃப் நடுவுல இருக்கு. அப்புறம் எப்படி ஒரு பக்கம் திரும்பும்போது மட்டும் சுத்தும்? ஒரு பக்கம் மட்டும் வர்ற கோளாறுன்னா வண்டியில லெஃப்டும் ரைட்டும் ஒண்ணா இல்லைன்னு அர்த்தம். இது அரிச்சுவடி. டிஃப்மணி, உங்களுக்கும் சேத்துதான் சொல்றேன்.

டிஃப்மணி:
சொல்றதை மரியாதையா சொல்லலாமே. கியர் டிஃப்ல ஒரு பக்க அவுட்டிரைவ் (வீலுக்கு பவர் போற முனை) சீல் போயி ஆயில் கசிஞ்சிருந்தா என்ன பண்ணுவீங்க?

பழையதடம்:
கசிஞ்சா மொத்த டிஃப்பும் லூஸாகும், ரெண்டு திருப்பத்துலயும் தெரியும். ஒரு பக்க டிஃப்னு ஒண்ணு கிடையாது.

கிரிஸ்டல்செட்:
யாரும் ரேடியோவை பத்தி பேசலையே? ஸ்டீயரிங் எண்ட் பாயிண்ட் (வீல் எவ்வளவு தூரம் மடங்கலாம்ங்கிற ரிமோட் செட்டிங்) லெஃப்ட்ல ஜாஸ்தி ரைட்ல கம்மியா இருந்தா இதேதான் நடக்கும், லெஃப்ட்ல முன் வீல் ரொம்ப மடங்குறதால மூக்கு சட்டுனு உள்ள குத்தி பின்னாடி வெளிய போகும். கழுவும்போது சர்வோ ஹார்னை (ஸ்டீயரிங் மோட்டார் மேல இருக்குற கை) கழட்டி ஒரு பல்லு தள்ளி மாட்டியிருந்தாலே போதும், டிரிம்ல நேராக்கிடுவீங்க ஆனா ரெண்டு பக்க த்ரோ ஒண்ணா இருக்காது. வண்டியை கட்டை மேல வச்சு ரெண்டு பக்கமும் முழுசா திருப்பி, வீல் எவ்வளவு மடங்குதுன்னு பாருங்க.

தூசிராஜா:
டூ வீல் 1/10 எலெக்ட்ரிக், மிட் மோட்டார். மண் ட்ராக், கெட்டியா இருக்கும் மேல கொஞ்சம் தூசி. ஷாக் ஆயில் முன்னாடி 35 வெயிட் பின்னாடி 30. டயர் புதுசு. எண்ட் பாயிண்ட் ரெண்டும் 100

ஷாக்டவர்:
ரைட்ல நல்லா திரும்புதுன்னு சொல்றீங்களே, எப்படி நல்லா? கோடு பிடிச்சு போகுதா, இல்ல மூக்கு வெளிய தள்ளி அகலமா போகுதா?

நானோமோட்டார்:
மோட்டார் டார்க்தான் காரணம். மோட்டார் சுத்துற சுத்துக்கு வண்டி ஒரு பக்கமா சாயும்.

ஷாக்டவர்:
அது 1/8லயும் ஷாஃப்ட் டிரைவ் ஃபோர் வீல்லயும், அங்க மோட்டார் நீளவாக்குல இருக்கும். டூ வீல்ல மோட்டார் குறுக்கவாட்டுல இருக்கு, அதோட டார்க் மூக்கை தூக்கும் இல்ல அமுக்கும், பக்கவாட்டுல சாய்க்காது.

தூசிராஜா:
ரைட்ல கொஞ்சம் அகலமாதான் போகுது ஆனா சுத்தல

ஷாக்டவர்:
அப்ப விஷயம் புரிஞ்சிடுச்சு. லெஃப்ட்ல பின்னாடி சுத்துது, ரைட்ல மூக்கு தள்ளுதுன்னா வண்டி கோணலா பாரம் தாங்குது. ஒரு கால் கட்டையான மேசை மாதிரி. ரைட் பின் வீலும் லெஃப்ட் முன் வீலும் ஜாஸ்தி பாரம் எடுக்குது, லெஃப்ட் பின்னாடி லேசா நிக்குது. லெஃப்ட் திரும்பும்போது ஏற்கனவே பாரமான ரைட் பின் டயர் மேலயே இன்னும் ஏறுது, லெஃப்ட் பின் டயர் சும்மா இருக்கு, பின்னாடி மொத்த கிரிப்பும் குறையுது. ரைட்ல அப்படியே தலைகீழ், பின்னாடி ரெண்டு டயரும் சமமாகிடும், முன்னாடி லெஃப்ட் டயர் ஒண்ணே முழு பாரத்தையும் வாங்கும், அதான் அகலமா போகுது.

கண்டுபிடிக்கிறது சுலபம். சமதளமான கண்ணாடி இல்ல டைல்ஸ் மேல வண்டியை பேட்டரியோட வச்சு ரெண்டு மூணு தடவை அமுக்கி விடுங்க. சேஸிஸ் பின்பக்கம் நட்டநடுவுல ஒரு மெல்லிய ஸ்க்ரூடிரைவர் முனையை குடுத்து மெதுவா தூக்குங்க. ரெண்டு பின் வீலும் ஒண்ணா தரையை விடணும். ஒண்ணு முன்னாடியே கிளம்புச்சுன்னா அந்த வீல்லதான் பாரம் கம்மி. ஆண்டி ரோல் பார் இருந்தா முதல்ல லிங்கை கழட்டிட்டு பாருங்க, அப்புறம் மாட்டி பாருங்க. மாட்டினா மட்டும் கோணல் வந்தா பார்தான் வளைஞ்சிருக்கு, இல்ல ரெண்டு லிங்கும் ஒரே நீளம் இல்ல.

லிங்கை கழட்டின பிறகும் கோணல் இருந்தா ஷாக்கை கழட்டி, ஸ்பிரிங் எடுத்துட்டு முழுசா இழுத்து, மேல் ஓட்டைல இருந்து கீழ் பால் (உருண்டை) வரைக்கும் காலிப்பர் வச்சு அளங்க. ரெண்டுக்கும் நடுவுல கால் மில்லிமீட்டர் வித்தியாசத்துக்கு மேல நான் விட மாட்டேன். ஷாக் பிரிக்கும்போது ராட் எண்டை (ஷாக் ஷாஃப்ட் கீழ் முனைல மரை ஏத்துற துண்டு) கழட்டி திரும்ப மாட்டுவோம் இல்ல, அங்கதான் ஒண்ணு ஆழமா ஏறிடும் இன்னொண்ணு ரெண்டு மரை முன்னாடியே நின்னுடும். ப்ரீலோட் காலர் (ஸ்பிரிங்கை மேல இருந்து அமுக்குற வளையம்) ரெண்டும் ஒரே இடத்துல இருக்குறதால வெளிய பாத்தா ஒண்ணும் தெரியாது.

ஷாக் வெளிய இருக்கும்போதே ஆர்மையும் கையால தூக்கி விட்டு பாருங்க, தன் வெயிட்டுலயே தடதடன்னு கீழ விழணும். நடுவுல நின்னா ஹிஞ்ச் பின் (ஆர்ம் ஆடுற கம்பி) வளைஞ்சிருக்கு இல்ல உள்ள மண்ணு இருக்கு.

பழையதடம்:
இதைத்தான் நான் முதல்லயே சொன்னேன்.

பினியன்21:
நீங்க சொன்னது அரிச்சுவடி, வைத்தியம் சொன்னது ஷாக்டவர் அண்ணன். ஆமா ராஜா, அந்த 30 எந்த பிராண்ட்?

பழையதடம்:
30னா 30தான். பிராண்ட்ல என்ன இருக்கு.

பினியன்21:
இல்லவே இல்ல. ஆயில் வெயிட்ங்கிறது ஒவ்வொரு பிராண்டும் தன் இஷ்டத்துக்கு போடுற நம்பர், என்ஜின் ஆயில் 30க்கும் இதுக்கும்கூட சம்பந்தம் கிடையாது. அளந்து சொல்றது சிஎஸ்டி (சென்டிஸ்டோக்ஸ், ஆயில் எவ்வளவு கெட்டிங்கிற அளவு) மட்டும்தான். அசோசியேட்டட் பிராண்ட்ல 30 வெயிட்னா 350 சிஎஸ்டி, 35க்கு 425, 40க்கு 500. இன்னொரு பாட்டில்ல 30ன்னு இருந்தா அது இதே 350ன்னு யாரும் உறுதி சொல்ல முடியாது. முன்னாடி ஒரு பிராண்ட் பின்னாடி ஒரு பிராண்ட் போட்டுட்டு 35, 30ன்னு சொன்னா ரெண்டுக்கும் நிஜ வித்தியாசம் என்னன்னே தெரியாது.

பழையதடம்:
நாங்கல்லாம் வெயிட் பாத்துதான் ஜெயிச்சோம். 30ம் 40ம் சரிபாதி கலந்தா 35, அவ்ளோதான் கணக்கு.

கிரிஸ்டல்செட்:
அதுவும் சரியில்லையே. சிலிகான் ஆயிலை கலந்தா பாகுத்தன்மை சராசரிக்கு வராது, லாக் கணக்குல கொஞ்சம் கம்மியாதான் வரும். 350ம் 500ம் சரிபாதின்னா 425 இல்ல, 418 கிட்ட.

பழையதடம்:
7 சிஎஸ்டி! இதுக்குத்தான் இந்த சண்டையா.

டிஃப்மணி:
சண்டையை ஆரம்பிச்சது யாரு.

தூசிராஜா:
லெஃப்ட் பின் ஷாக் 1.5 மிமீ கட்டையா இருந்துச்சு. ராட் எண்டை வெளிய எடுத்து ரெண்டையும் சமமாக்கினேன், இப்ப ரெண்டு பக்கமும் ஒரே மாதிரி திரும்புது. நன்றி அண்ணே

ஷாக்டவர்:
சந்தோஷம். அந்த ராட் எண்ட்ல மரை இன்னும் நல்லா பிடிக்குதான்னு பாருங்க, கையால சுலபமா திரும்புச்சுன்னா புதுசு போட்டுடுங்க, ஒரு பெரிய ஜம்ப் இறங்கும்போது கழண்டு வந்துடும். ராட் எண்டை இறுக்கும்போது ஷாஃப்ட்டை வெறும் பிளையர்ல பிடிக்காதீங்க, கீறல் விழுந்தா ஓ-ரிங்கை அறுத்து ஆயில் கசியும். ரப்பர் துண்டு வச்சு பிடிங்க. நீளம் மாத்தினதால ரைடு ஹைட்டும் (தரையில இருந்து சேஸிஸ் உயரம்) ஒரு தடவை ரெண்டு பக்கமும் அளந்துக்கோங்க.

பினியன்21:
ஆண்டி ரோல் பார் இருந்துச்சா இல்லையா ராஜா? ஆயில் பிராண்டும் சொல்லல

கிரிஸ்டல்செட்:
அவர் போயாச்சு ப்ரோ.

பழையதடம்:
7 சிஎஸ்டியை டிரைவர் கண்டுபிடிச்சிடுவாருன்னு யாராவது நிரூபிங்க, அப்புறம் பேசலாம்.

பினியன்21:
7 முக்கியம்னு யாரு சொன்னா? வண்டி வெயில்ல பத்து நிமிஷம் நின்னாலே ஆயில் அதைவிட ஜாஸ்தி இளகிடும். நான் சொன்னது பிராண்ட் மாறும்போது வர்ற வித்தியாசம், அது 7 இல்ல, ஒரு முழு நம்பரே தள்ளிப்போகலாம்.

பசைடயர்:
எதுக்கும் அந்த டயர் ஒட்டினதை ஒரு தடவை அழுத்தி பாத்துடுங்க. புது டயர்லயும் பசை விடலாம்.