சேகோ ஸ்டார்ச்சை எரித்தால் குளுக்கோஸ் கணக்கு வருகிறது, ஏன்?

கேள்வி: அஸ்தம்பட்டி மாணவன்

பயிற்சித் தாளில் உள்ள கணக்கு. 0.900 கிராம் குச்சிக்கிழங்கு (மரவள்ளி) ஸ்டார்ச்சை மிகுதியான ஆக்சிஜனில் எரித்தால் 1.320 கிராம் சிஓ₂, 0.540 கிராம் தண்ணீர் கிடைக்கிறது. எளிய விகித வாய்ப்பாடு (அணுக்களின் மிகச் சிறிய முழு எண் விகிதம்) என்ன?

கார்பன்: 1.320 × 12/44 = 0.360 கிராம்
ஹைட்ரஜன்: 0.540 × 2/18 = 0.060 கிராம்
மீதி 0.480 கிராம் ஆக்சிஜன்

மோலாக மாற்றினால் (12, 1, 16 என்ற அணு நிறைகளால் வகுத்தால்) 0.030 : 0.060 : 0.030, அதாவது சிஎச்₂ஓ, குளுக்கோஸுக்கு வரும் அதே விகிதம். விடையில் சி₆எச்₁₀ஓ₅ என்று இருக்கிறது. கணக்கின் கடைசியில் "இதே அளவு மாதிரி 105 டிகிரியில் உலர்த்தியபோது 0.090 கிராம் குறைந்தது" என்று ஒரு வரி. அதை எங்கே சேர்ப்பது? எரிதல் சமன்பாட்டிலும் எனக்கு 8½ ஓ₂ வருகிறது, விடையில் 6. யாராவது சொல்லுங்க சார்.

ஓமலூர் வாத்தியார்

பெருக்கல் வகுத்தல் எல்லாம் சரிதான் தம்பி. மாதிரிதான் ஈரம். காற்றில் உலர்ந்த ஸ்டார்ச்சில் பத்து, பன்னிரண்டு சதவீதம் தண்ணீர் இருப்பது சகஜம். அந்தத் தண்ணீர் எரியாது. ஆவியாகிப் போய், எரிதலில் உண்டான தண்ணீரோடு சேர்ந்து எடையில் ஏறிவிடும். ஆகவே 0.090ஐ இரண்டு இடத்தில் கழிக்கணும்: மாதிரி எடையில் ஒரு தடவை, தண்ணீர் எடையில் ஒரு தடவை. பெரும்பாலானவர்கள் முதல் இடத்தோடு நிறுத்திவிடுவார்கள்.

உலர் மாதிரி 0.810. எரிதலில் வந்த தண்ணீர் 0.450, அதில் ஹைட்ரஜன் 0.050. கார்பன் மாறாது, 0.360. ஆக்சிஜன் 0.810 − 0.410 = 0.400. மோலில் 0.030 : 0.050 : 0.025. சிறிய எண்ணால் வகுத்தால் 1.2 : 2 : 1. இங்கே 1.2ஐ 1 என்று முழுமையாக்கினால் மறுபடி சிஎச்₂ஓதான் வந்து நிற்கும். 1.2 என்பது 6/5. ஐந்தால் பெருக்கு, 6 : 10 : 5.

162 கிராம் ஸ்டார்ச் அலகோடு 18 கிராம் தண்ணீர் சேர்ந்தால் 180, அது குளுக்கோஸின் மோலார் நிறை (ஒரு மோலின் எடை). சரியாகப் பத்து சதவீத ஈரம். கணக்கு போட்டவர் வேண்டுமென்றேதான் அந்த எண்ணை வைத்திருக்கிறார்.

அஸ்தம்பட்டி மாணவன்

புரிந்தது சார். ஆனால் உலர்த்தின எடை கொடுக்காவிட்டால், விடையைப் பார்த்தே ஈரம் இருக்கு என்று கண்டுபிடிக்க முடியாதா?

ஏற்காடு ஆய்வகம்

முடியாது. ஸ்டார்ச்சிலும் ஹைட்ரஜன்–ஆக்சிஜன் 2 : 1, தண்ணீரிலும் 2 : 1. எவ்வளவு ஈரம் சேர்ந்தாலும் அந்த விகிதம் அசையாது, கார்பன் மட்டும் சரியும். பாதி உலர்த்தி 0.030 கிராம் தண்ணீர் தங்கிவிட்டது என்று வைத்துப் போட்டுப் பாருங்கள்: 9 : 16 : 8 வரும். முழு எண்கள் அழகாக அமைந்ததால் நம்பிவிடுவோம், அப்படி ஒரு சேர்மமே குப்பியில் இல்லை.

அதனால் செய்முறையில் உலர்த்தலில்தான் கவனம் வேண்டும். ஜவ்வரிசி மணியை அப்படியே அடுப்பில் வைக்காதீர்கள். வறுபட்ட மேல்தோலைத் தாண்டி உள் ஈரம் மெதுவாகத்தான் வரும். பொடித்து, மெல்லிசாகப் பரப்பி, 105 டிகிரியில் மூன்று நான்கு மணி நேரம். டெசிக்கேட்டரில் (ஈரம் உறிஞ்சும் பொருள் வைத்த மூடிய பாத்திரம்) ஆறவைத்து மூடியோடு எடை போடுங்கள். மறுபடி ஒரு மணி நேரம் சூடாக்கி எடை மாறாமல் நிற்கும் வரை திருப்பிச் செய்யுங்கள். அவசரப்பட்டு வெப்பத்தை ஏற்றினால் மாவு பழுப்பாகிச் சிதையும். இங்கே மலை மேலே பனிமூட்ட நாளில் உலர்ந்த ஸ்டார்ச் திறந்து கிடந்தால் சீக்கிரமே ஈரத்தைத் திரும்ப உறிஞ்சிக்கொள்ளும்.

வாயுவை உறிஞ்சும் குழாய்களின் வரிசையும் முக்கியம். தண்ணீரைப் பிடிக்கும் நீரற்ற கால்சியம் குளோரைடு முதலில், சிஓ₂வைப் பிடிக்கும் பொட்டாசியம் ஹைட்ராக்சைடு பிறகு. மாற்றி வைத்தால் ஹைட்ராக்சைடு தண்ணீரையும் சேர்த்துப் பிடித்துக்கொள்ளும், இரண்டு எடையும் கெடும். ஜெர்மன் வேதியியலாளர் லீபிக் 1831ல் சிஓ₂வை உறிஞ்சும் ஐந்து குமிழ்க் கருவியைக் கொண்டுவந்த காலத்திலிருந்து இதே வரிசைதான்.

ஓமலூர் வாத்தியார்

அந்த 8½க்கு வருகிறேன். வலப்பக்கம் 6 சிஓ₂ + 5 எச்₂ஓ, மொத்தம் 17 ஆக்சிஜன் அணு. அதை அப்படியே இரண்டால் வகுத்திருக்கிறாய். ஸ்டார்ச்சே 5 அணுவைக் கையில் வைத்திருக்கிறது; 17 − 5 = 12, காற்றிலிருந்து 6 ஓ₂ போதும்.

சி₆எச்₁₀ஓ₅ + 6 ஓ₂ → 6 சிஓ₂ + 5 எச்₂ஓ

நிறையில் சரிபார்: 162 + 192 = 354; 264 + 90 = 354. உன் எண்களிலும் பார்க்கலாம். உலர்ந்த மாதிரிக்கு 1.320 + 0.450 − 0.810 = 0.960 கிராம் ஓ₂. ஈர மாதிரிக்கு 1.320 + 0.540 − 0.900, அதுவும் 0.960தான். ஈரம் ஆக்சிஜனைத் தொடவே இல்லை.

அஸ்தம்பட்டி மாணவன்

அப்போ மூலக்கூறு வாய்ப்பாடு, சார்?

ஏற்காடு ஆய்வகம்

எரிதல் தரவிலிருந்து வராது. அதற்கு மோலார் நிறை தனியாக வேண்டும். ஸ்டார்ச் பல்லுறுப்பி (ஒரே அலகு திரும்பத் திரும்பக் கோத்த சங்கிலி), மூலக்கூறுக்கு மூலக்கூறு நீளம் வேறு. அதனால் (சி₆எச்₁₀ஓ₅)ₙ என்று எழுதி விட்டுவிடுவார்கள். சிஎச்₂ஓ வந்தாலும் அது குளுக்கோஸ் என்று சொல்ல முடியாது, அசிட்டிக் அமிலத்துக்கும் அதே விகிதம். ஸ்டார்ச்சா என்பதற்கு ஒரு சொட்டு அயோடின் கரைசல் போதும், கருநீலம் காட்டிவிடும்.

குரங்குச்சாவடி

இடையில் ஒரு சந்தேகம். மாவில் நம்ம ஊர் வெள்ளைக்கல் பொடி கலந்திருந்தால்?

ஓமலூர் வாத்தியார்

நல்ல கேள்விங்க. அந்த வெள்ளைக்கல் மேக்னசைட், அதாவது மெக்னீசியம் கார்பனேட். அது எரியாது, சூட்டில் பிரியும்: 84 கிராமுக்கு 44 கிராம் சிஓ₂ வெளியேறி, 40 கிராம் மெக்னீசியம் ஆக்சைடு சாம்பலாகத் தங்கும். அந்த சிஓ₂ கார்பன் கணக்கில் நுழைந்துவிடும், சாம்பலோ ஆக்சிஜன் என்று கழித்தலில் மறைந்துவிடும். எரித்த கலத்தில் வெள்ளையாக ஏதாவது மிஞ்சினால் முதலில் அதை எடை போடுங்கள். சாம்பல் எடையை 84/40ஆல் பெருக்கி மாதிரியில் கழித்து, 44/40ஆல் பெருக்கி சிஓ₂வில் கழியுங்கள்.