ஆய்வுப் படிவத்தில் ‘வேலை’ என்றால் ஊதிய வேலை மட்டுமா?

கேள்வி: மூட்டுவாத மருந்து ஆய்வொன்றின் தரவுகளைச் சரிபார்க்கிறேன். நோய் ஒருவரின் வேலையையும் அன்றாடச் செயல்களையும் எவ்வளவு பாதிக்கிறது என்று அளக்கும், 1993இல் வெளியான டபிள்யூபிஏஐ (WPAI) வினாத்தாளில், நாள் முழுதும் வீட்டில் உழைக்கும் பெண்மணி ஒருவர் ‘வேலையில் இல்லை’ என்று குறித்திருக்கிறார். இது பிழையா?

மறுமொழி 1: பிழையன்று. முதல் வினா ஊதிய வேலையை மட்டுமே கேட்கிறது. ‘இல்லை’ என்பவர் இடையிலுள்ள நான்கு வினாக்களைத் தாண்டி நேரே ஆறாவதற்குச் சென்று, வீட்டு வேலை, கடைக்குப் போவது, குழந்தை வளர்ப்பு, படிப்பு போன்றவற்றைக் கடந்த ஏழு நாட்களில் நோய் எவ்வளவு பாதித்தது என்பதை 0 முதல் 10 வரை குறிக்க வேண்டும்.

கேட்டவர்: அப்படியானால், இழந்த வேலை நேரத்துக்குச் சுழியம் இட்டுவிடலாமா?

மறுமொழி 2: கூடாது. சுழியம் இட்டால், அவர் ஊதிய வேலைக்குச் செல்பவர், அதில் ஒரு மணி நேரம்கூட இழக்கவில்லை என்று பொருளாகி, சராசரி குறைந்துவிடும். (உழைப்பவரை ‘வேலையில் இல்லை’ என்பது எனக்கும் உறுத்துகிறதுதான்.) அந்தக் கட்டத்தில் ‘பொருந்தாது’ என்றே பதியுங்கள்.